நிலைகொள்ளா வசந்தம்

நம் கல்லூரி மாணவர் ஆங்கிலச் செய்யுட்களைப் பயிலும்பொழுது வசந்த காலத்தின் புகழ்ச்சியை அடிக்கடி காண்பர். பனி உருகுகின்றது, புல் தளிர்க்கின்றது, போன பறவைகள் திரும்பி வருகின்றன, அவற்றோடு மாந்தர் உள்ளமும் மலர்கின்றது. இவ்வருணனைகளைப் படித்து, வசந்தமென்பது மென்மையும் அமைதியும் ஒருங்கே பொருந்திய பருவம் என நாம் எண்ணிவிடுதல் இயல்பே. ஆயின், அந்நாடுகளில் வாழும் குடியானவரையோ, மீன் பிடிப்பவரையோ, பழத்தோட்டம் வைத்திருப்பவரையோ வினவினால் வேறு விடை கிடைக்கும். ஆண்டின் பருவங்களுள் நம்பத்தகாதது வசந்தமே என்று அவர் கூறுவர். காலையில் இளவெயில், நண்பகலில் ஆலங்கட்டி மழை, மாலையில் மீண்டும் வெயில், இரவில் உறைபனி என ஒரே நாளில் நான்கு கோலம் காட்டுவது அதன் இயல்பு. அந்நிலையின்மைக்குக் காரணம் யாது, உலகின் பல பாகங்களில் அது எவ்வெவ்வுருவம் கொள்ளுகின்றது, அதனால் மாந்தர்க்கு விளையும் இடர் யாது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளல் வேண்டும். தமிழ் நூலார் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, சித்திரை வைகாசித் திங்கள்களை இளவேனில் என்றனர். ஆங்கிலேயரின் வசந்தத்தை நாம் அப்பெயராலேயே மொழிபெயர்த்து வருகின்றோம். பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கின்றது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. 51 பாகைக்கும் அப்பாலுள்ள இலண்டன் மாநகரிலோ அவ்வேறுபாடு ஒன்பது மணி நேரத்தை நெருங்குகின்றது. மார்ச்சு மாதம் 21-ஆம் நாளை ஒட்டி இலண்டனில் பகற்பொழுது நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் வீதம் வளருகின்றது. சென்னையில் ஒரு நிமிடங்கூட வளருவதில்லை. ஆகவே வடநாட்டார்க்கு வசந்தமென்பது ஒரு பெரிய மாற்றம். நமக்கோ வெயில் சற்று முறுகும் காலம். அவ்வளவு விரைந்த மாற்றம் நிகழுமிடத்து அமைதி நிலவுதல் அரிது என்பதை இதனாலேயே ஒருவாறு ஊகிக்கலாம்.

இனி நிலையின்மைக்குரிய காரணங்களைக் காண்போம். நண்பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் உச்சியை எய்தினும், புழுக்கம் மிகுவது இரண்டு மூன்று மணிக்கே என்பதை நாம் நாள்தோறும் அறிவோம். வெப்பம் வருவது ஒரு பொழுது. அதனை ஏற்றுப் பொருள்கள் சூடேறுவது மற்றொரு பொழுது. ஒரு நாளில் நிகழும் இத்தாமதமே ஓர் ஆண்டிலும் நிகழுகின்றது. அங்ஙனம் தாமதிப்பதில் நீரே முதன்மையானது. ஒரே நிறையுள்ள நீரையும் உலர்ந்த மண்ணையும் ஒரே அளவு சூடாக்குதற்கு, மண்ணைவிட நீருக்கு நான்கைந்து மடங்கு வெப்பம் வேண்டும். ஆகையால், மார்ச்சு மாதத்தில் தெற்கேயுள்ள நிலங்கள் வெயிலாற் காய்ந்துகொண்டிருக்க, வடகடல்கள் குளிர்காலத்துச் சில்லிப்பை விடாமல் வைத்திருக்கின்றன. பிரிட்டன் தீவைச் சூழ்ந்த கடல் மிகக் குளிர்ந்திருப்பது டிசம்பரிலன்று. பெப்ருவரி மார்ச்சு மாதங்களிலேயே. வடதுருவக் கடலின் பனிப்பரப்பு ஆண்டில் மிகவும் அகன்று கிடப்பதும் பெரும்பாலும் மார்ச்சிலேதான். சூரியன் வந்துவிட்டான், குளிரோ இன்னும் புறப்படவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே வசந்தம்.

இங்ஙனம் தெற்கே வெம்மையும் வடக்கே குளிரும் எதிரெதிராக நிற்கும்பொழுது, அவற்றின் எல்லை ஓரிடத்தில் நிலைப்பதில்லை. முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில், நார்வே நாட்டுப் பெர்கன் நகரில், வில்ஹெம் பியர்க்னஸ் என்பாரும் அவர் குழுவினரும் இவ்வெல்லையை ஆராய்ந்தனர். சூடான காற்றுத் திரளும் குளிர்ந்த காற்றுத் திரளும் சந்திக்குமிடத்திலேயே புயலும் மழையும் பிறக்கின்றன என்று காட்டி, அவ்விடத்திற்குப் போர்முனை என்று பொருள்படும் பெயரை இட்டனர். வானத்தின் மேற்பாகத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் பெருங்காற்று இவ்வெல்லையை ஒட்டியே செல்லும். வசந்தத்தில் அது வலி குன்றி, சமவெளியை அடைந்த ஆறுபோல வளைந்து வளைந்து ஓடும். ஒரு வளைவு தெற்கே இறங்கினால் துருவக் குளிர் ஊருக்குள் நுழையும். அடுத்த வளைவு வடக்கே ஏறினால் கோடையின் வெம்மை வந்து சேரும். அஃதன்றியும், வசந்தத்து வெயில் நிலத்தைச் சூடாக்கும் பொழுது, மேலேயுள்ள காற்று இன்னும் குளிர்ந்தே இருக்கும். கீழே சூடேறிய காற்று இலேசாகி விரைந்து மேலெழுந்து, மேகமாகி, சிறிது நேரத்தில் மழையாகவும் ஆலங்கட்டியாகவும் பொழிந்துவிட்டு ஓய்கின்றது. வெயிலும் மழையும் மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம்.

இக்காரணங்கள் எல்லா நாட்டிற்கும் பொதுவாயினும், மலையும் கடலும் அமைந்த முறைக்கேற்ப விளைவு வேறுபடும். முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அத்தீவின் மேற்கே பெருங்கடல், கிழக்கே பெருங்கண்டம், வடக்கே துருவக் கடல், தெற்கே பிரான்சு, ஸ்பெயின் முதலிய வெப்ப நாடுகள். எத்திசைக் காற்று வீசினும் அத்திசையின் குணமே அன்றைய வானிலை. மார்ச்சு மாதம் சிங்கம்போல வந்து ஆட்டுக்குட்டிபோலப் போகும் என்பது அந்நாட்டார் பழமொழி. மே மாதம் கழியுமுன் கம்பளி உடையைக் களையாதே என்று அவர்தம் மூதாட்டியர் எச்சரிப்பர். பிளாக்தார்ன் என்னும் முட்செடி, இலை விடுமுன்னரே வெண்ணிறப் பூக்களால் மூடப்படும். அது பூக்கும் நாட்களிற் குளிர் மீண்டும் வருவதைக் கண்ட நாட்டுப்புறத்தார், அக்குளிருக்கு அச்செடியின் பெயரையே வைத்து அதனைப் பிளாக்தார்ன் குளிர்காலம் என்றனர். தோற்றத்தில் வெண்பனியும் வெண்பூவும் ஒன்றாகவே இருப்பது அப்பெயருக்கு மேலும் பொருத்தம் தருகின்றது.

ஐரோப்பாக் கண்டத்தின் உட்பகுதியிலோ இவ்வெச்சரிக்கை திருநாட் குறிப்பாகவே மாறிவிட்டது. ஏப்பிரல் தான் விரும்பியதைச் செய்யும் என்பது ஜெர்மானியர் வழக்கு. ஏப்பிரல் கழிந்த பின்னரும் அவர்கள் முழுதும் நம்புவதில்லை. மே மாதம் 11-ஆம் நாள் முதல் 15-ஆம் நாள் வரை மமெர்த்துஸ், பங்க்ராத்தியுஸ், செர்வாத்தியுஸ், போனிபாத்தியுஸ், சோபியா என்னும் அடியார்களின் திருநாட்கள் வருகின்றன. இவர்களைப் பனி அடியார்கள் என்று அந்நாட்டார் அழைக்கின்றனர். இறுதியில் வரும் சோபியாவுக்குக் குளிர்ச் சோபியா என்றே பெயர். அவள் நாள் கழிந்த பின்னரே மென்மையான நாற்றுக்களை வெளியே நடுதல் வேண்டும் என்பது தோட்டக்காரர் கொள்கை. குறித்த அந்நாட்களிலேயே குளிர் தவறாது வரும் என்பதை வானிலை நூலார் ஒப்புவதில்லை. மேலும், 1582-ஆம் ஆண்டில் பஞ்சாங்கம் திருத்தப்பட்டபொழுது பத்து நாட்கள் நீக்கப்பட்டமையால், அதற்கு முன்னரே எழுந்த வழக்காயின் அந்நாட்கள் இடம் மாறியும் இருத்தல் வேண்டும். எனினும், மே மாதத்தின் நடுப்பகுதி வரையில் உறைபனி வரக்கூடும் என்னும் உண்மை அவ்வழக்கினுள் அடங்கியிருக்கின்றது. நாள் தவறினும் கருத்துத் தவறவில்லை.

ஐரோப்பாவில் இங்ஙனமாக, ஆசியாவின் கிழக்குக் கோடியிலும் இதே அனுபவம் வேறு சொற்களில் வழங்குகின்றது. குளிர்காலம் முழுதும் சைபீரியாவில் கனத்த குளிர்காற்று தேங்கி நிற்கும். வசந்தம் நெருங்க நெருங்க அத்தேக்கம் உடைந்து, பகுதி பகுதியாகக் கிழக்கு நோக்கி நகரும். ஒரு பகுதி கடக்கும்பொழுது குளிர். அதற்கும் அடுத்ததற்கும் இடையே வெம்மை. மூன்று நாட் குளிர், நான்கு நாள் வெம்மை என்னும் தொடர் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் வழங்குவதற்கு இதுவே அடிப்படை. செர்ரிப்பூ மலர்ந்த பின் வரும் குளிரைப் பூக்குளிர் என்று ஜப்பானியர் கூறுவர். கொரியர் அதனினும் ஒரு படி மேலே சென்று, பூவின் அழகைக் கண்டு பொறாமை கொண்ட குளிர் என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கின்றனர். பூ மலர்ந்தபின் குளிர் மீளுவதைப் பற்றி இதனினும் சுருக்கமாகவும் நயமாகவும் கூறுதல் இயலாது.

ஜப்பானியர் வழங்கும் மற்றொரு பெயர் நயம் மட்டும் உடையதன்று, துயரமும் உடையது. பெப்ருவரித் தொடக்கத்திற்கும் மார்ச்சில் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளுக்கும் இடையே, தெற்கிலிருந்து முதன்முதலாக வீசும் வெப்பப் பெருங்காற்றை அவர்கள் ஹாரு இச்சிபான் என்பர். வசந்தத்தின் முதலாவது என்பது அதன் பொருள். 1859-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள் இக்கித் தீவினின்று கடலுக்குச் சென்ற மீனவர் 53 பேர், திடீரென எழுந்த தென்காற்றில் மரக்கலம் கவிழ்ந்து மாண்டனர். அப்பெயருடன் இவ்விபத்தின் நினைவு இன்றும் இணைந்து நிற்கின்றது. இக்காலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தின் வானிலை நிலையம் ஆண்டுதோறும் அக்காற்றின் வருகையை அறிவிக்கின்றது. நகரத்தார் அதனை வசந்தத்தின் தூதாகக் கொண்டு மகிழ்வர். அதன் பின்னே பெரும்பாலும் குளிர் திரும்பும் என்பதையும், கடலில் உள்ளார்க்கு அது காலன் எனவும் ஆகக்கூடும் என்பதையும் மீனவர் அறிவர்.

வசந்தத்தின் மாறுதல் மிகக் கொடிய உருவம் கொள்ளுமிடம் வட அமெரிக்காவே. அக்கண்டத்தின் பெருமலைகள் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றன. கிழக்கு மேற்காக நின்று காற்றைத் தடுக்கும் மலை ஒன்றேனும் அங்கில்லை. ஆகவே கனடாவின் குளிர்காற்றுத் தெற்கே இறங்கவும், மெக்சிகோ வளைகுடாவின் ஈரமிக்க வெப்பக்காற்று வடக்கே ஏறவும் தடையில்லை. மேற்கிலிருந்து வறண்ட காற்று ஒன்று இவற்றிடையே வந்து புகும். இம்மூன்றும் நடுச் சமவெளியிற் சந்திக்கும்பொழுது பேரிடிப் புயல்களும், அவற்றினின்று தூண்போல் இறங்கும் சூறாவளிகளும் தோன்றுகின்றன. ஆண்டுதோறும் அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அத்தகைய சூறைகள் எழுகின்றன. அவற்றுட் பெரும்பகுதி ஏப்பிரல் முதல் ஜூன் வரையுள்ள மாதங்களுக்குரியது. 1925-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் மிசௌரி, இல்லினாய், இந்தியானா என்னும் மூன்று மாகாணங்களிலும் ஒரே சூறை மூன்றரை மணி நேரத்தில் சுமார் 350 கிலோமீட்டர் தூரம் ஓடி, 695 பேரைக் கொன்றது. அக்காலத்தில் முன்னறிவிப்பு இல்லை. 1948-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் ஒக்லகோமா மாகாணத்தின் விமானப்படைத் தளமொன்றில் அதிகாரிகள் இருவர் சூறை வருமென முன்னரே கூற, அன்று மாலையே அது வந்தது. அதுமுதல் இத்துறையில் முன்னறிவிப்பு வளர்ந்து வருகின்றது.

குளிரும் அங்கே அவ்வாறே எதிர்பாராது வரும். 1888-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க்கு நகரத்தார் இதமான வானிலையைக் கண்டு வசந்தம் வந்துவிட்டதென மகிழ்ந்திருந்தனர். 11-ஆம் நாள் மழை தொடங்கிற்று. இரவிற்குள் அது பனியாக மாறிற்று. மூன்று நாட் பனிப்புயலில் இரயில்கள் நின்றன. தந்திக் கம்பங்கள் வீழ்ந்தன. கிழக்குக் கரையில் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். நகரத்தின் கம்பிகளை நிலத்தடியிற் புதைக்கத் தூண்டிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

அமெரிக்காவுக்கு இல்லாத கிழக்கு மேற்கு மலைத்தடை நம் பாரதநாட்டிற்கு உண்டு. இமயமலை வடக்கே மதில்போல் நின்று மத்திய ஆசியாவின் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்துகின்றது. எனினும் நாமும் வசந்தத்தின் மாறுதலுக்கு முற்றும் அப்பாற்பட்டவர் அல்லோம். சித்திரை வைகாசியில் வங்காளத்தில் மாலைவேளையில் வடமேற்கினின்று கருமேகம் திரண்டு, பெருங்காற்றோடு இடிமழை பொழியும். அதனைக் கால்வைசாகி என்பர். தென்னாட்டில் அதே காலத்தில் பெய்யும் மழையை மாங்காய் மழை என்கின்றோம். குடகு, வயநாடு முதலிய மலைநாடுகளிற் காப்பிச் செடியின் மொட்டுக்கள் வறட்சியில் உறங்கிக் கிடந்து, இம்மழை பெய்த சுமார் பத்து நாளைக்குள் ஒருங்கே மலருகின்றன. தோட்டத்தார் அதனைப் பூமழை எனப் போற்றுவர். மழை போதாதாயின் மொட்டுக் கருகும். வடநாட்டு மரத்தை எழுப்புவது வெம்மை. நம் மலைச்செடியை எழுப்புவது நீர். எழுப்பும் பொருள் வேறாயினும், அது காலந்தவறி வந்தாலும் அரைகுறையாக வந்தாலும் அவ்வாண்டின் விளைவே கெடும் என்னும் நிலை இரண்டிற்கும் ஒன்றே.

கடலும் மலையும் அன்றிப் பாலைவனமும் வசந்தத்தை அலைக்கழிப்பதுண்டு. எகிப்து நாட்டில் மார்ச்சு முதல் மே வரை சகாராவிலிருந்து புழுதியோடு வீசும் அனற்காற்றைக் கம்சீன் என்பர். அரபு மொழியில் ஐம்பது என்பது அச்சொல்லின் பொருள். ஏறக்குறைய ஐம்பது நாட்களுக்குள் அது விட்டு விட்டு வரும் என்பது கருத்து. மத்தியதரைக் கடலோரமாகச் செல்லும் புயற்சின்னம் தன் முன்னே பாலைக்காற்றை இழுத்துக்கொண்டு செல்லும். அது கடந்தவுடன் பின்னே கடற்குளிர் நுழையும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள காலம் வசந்தம். அங்கே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் ஒரே நாளில் நான்கு பருவம் காண்பதாகப் பெயர் பெற்றது. வடக்கே பாலைவனம், தெற்கே குளிர்ந்த பெருங்கடல் என அமைந்தமையால், காற்று வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிய சிறு பொழுதில் வெப்பம் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். 2016-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கே அத்தகைய திருப்பம் ஒன்று நேர்ந்தது. 35 டிகிரி வெப்பம் காய்ந்த அன்று மாலை இடிப்புயலோடு குளிர்காற்று வந்தது. வசந்தத்திற் பூத்த புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகளாகி மக்களின் நுரையீரலிற் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினர். பத்துப் பேர் இறந்தனர்.

இதுகாறும் கூறியவை காற்றாலும் புயலாலும் வருங்கேடுகள். இவற்றினும் ஓசையின்றி வந்து, பரந்த நாடுகளின் உணவைத் தொடும் கேடு ஒன்றுண்டு. அதுவே மலர்ந்த பூவின்மேல் விழும் உறைபனி. ஆப்பிள் மரம் நடுக்குளிர்காலத்தில் உறங்குங்கால் பூஜ்யத்திற்குக் கீழே 25 டிகிரி செண்டிகிரேடு குளிரையும் தாங்கவல்லது. அதே மரம் முழுதும் பூத்து நிற்குங்கால் பூஜ்யத்திற்குக் கீழே 2 டிகிரியிலேயே பூக்கள் பட்டுப்போகத் தொடங்கும். 4 டிகிரியில் பத்தில் ஒன்பது பூ அழியும். எனவே மரத்தைக் கெடுப்பது குளிரன்று. குளிருக்கு முன் வந்த பொய்யான வெம்மையே. பகைவன் போய்விட்டான் என நம்பிக் கோட்டைக் கதவைத் திறந்த அரசன் நிலைமையே அம்மரத்தின் நிலைமை.

2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்கும் நடுவும் மிக வெப்பமான மார்ச்சு மாதத்தைக் கண்டன. மரங்கள் முந்திப் பூத்தன. கோதுமை முந்தி வளர்ந்தது. ஏப்பிரல் முதல் வாரத்தின் பிற்பகுதியில் இறங்கிய குளிரால் அவை கருகின. நட்டம் ஏறத்தாழ இருநூறு கோடி டாலர். 2021-ஆம் ஆண்டில் பிரான்சு நாடும் இங்ஙனமே ஏமாந்தது. மார்ச்சு இறுதியில் கோடைபோன்ற வெயில். அடுத்த வாரமே கடும் உறைபனி. குடியானவர் இரவெல்லாம் திராட்சைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பெருமெழுகுவத்திகளை ஏற்றி வைத்து விழித்திருந்தனர். சிலர் மொட்டுக்களின்மேல் நீரைத் தெளித்தனர். பனிக்கு அஞ்சி நீர் தெளிப்பது விந்தைபோலத் தோன்றும். ஒரு கிராம் நீர் உறையும்பொழுது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். நீர் இடைவிடாது உறைந்துகொண்டிருக்கும் வரையில் மொட்டின் வெப்பம் பூஜ்யத்தை விட்டு இறங்காது. இத்துணை முயன்றும், பின்னர் வந்த பூஞ்சண நோயும் சேர, அவ்வாண்டு அந்நாட்டுத் திராட்சை மதுவின் அளவு முந்திய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

உலகம் வெப்பமடைந்து வருகின்றதாகையால் இனி உறைபனியின் அச்சம் ஒழியுமன்றோ என ஒருவர் வினவலாம். ஈண்டே நாம் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். வெப்பம் மிகுதலால் கடுங்குளிர் நாட்கள் குறைவது உண்மையே. ஆயின் மொட்டு விரிவதும் முந்தி வருகின்றது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதும் பூக்கும் நாளைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டு முதல் குறிப்புகள் கிடைக்கின்றன. 2021-ஆம் ஆண்டில் அந்நாள் மார்ச்சு 26 ஆயிற்று. அதற்கு முன் கழிந்த ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் அத்துணை முந்திப் பூத்ததாகக் குறிப்பில்லை. குளிர் பின்வாங்கும் வேகத்தினும் மொட்டு முன்செல்லும் வேகம் மிகுமாயின், இடர் வளருமேயன்றிக் குறையாது. பிரான்சு நாட்டு நிகழ்ச்சியை ஆராய்ந்த அறிஞர் குழு, மனிதரால் நேர்ந்த வெப்பமிகுதி இல்லாத உலகத்தைவிட இன்றைய உலகத்தில், தளிர்க்கும் காலத்தில் அத்தகைய உறைபனி தாக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது பங்கு கூடியிருக்கின்றதெனக் கணித்தது. சூடேறும் உலகத்திலேயே குளிராற் கேடு மிகக்கூடும் என்பது முதலில் முரண்போலத் தோன்றினும், மரத்தின் நிலையிலிருந்து நோக்குவார்க்கு அது தெளிவாம்.

மேற்கூறியவற்றால் நாம் அறியத்தக்கது யாது? ஒரு நாட்டின் வானிலையைச் சராசரி என்னும் ஓர் எண்ணாற் கூறிவிடுதல் எளிது. ஏப்பிரல் மாதத்துச் சராசரி வெப்பம் இவ்வளவு என்று பூகோள நூல் உரைக்கும். ஆனால் குடியானவர் வாழ்வதும் கெடுவதும் சராசரியால் அன்று. ஒரே இரவில் நேரும் இறக்கத்தால். அதனாலேயே அம்மக்கள் எண்களைக் கொள்ளாமல், சிங்கமென்றும் அடியாரென்றும் பொறாமையென்றும் பெயரிட்டு அவ்வியல்பைத் தம் மக்கட்கு நினைவூட்டி வைத்தனர். அப்பெயர்கள் வானிலை நிலையங்கள் தோன்றுமுன் இருந்த முன்னறிவிப்புக்கள்.

பெயரோடு நில்லாமல் குறிப்பும் எழுதி வைத்தோர் நமக்குப் பெருந்துணை செய்தனர். இங்கிலாந்தின் நார்போக்கு மாகாணத்தில் இராபர்ட்டு மார்சம் என்னும் நிலக்கிழார் 1736-ஆம் ஆண்டு முதல், எந்த மரம் என்று தளிர்த்தது, எந்தப் பறவை என்று வந்தது, எந்தப் பூ என்று மலர்ந்தது என ஆண்டுதோறும் குறித்து வந்தார். அவர் வழித்தோன்றல்கள் அப்பணியை 1958 வரையில் நடத்தினர். அவர்களிடம் அரிய கருவிகள் இருந்தில. கண்ணும் கைப்புத்தகமும் பொறுமையுமே இருந்தன. இன்று பருவங்கள் எவ்வளவு நகர்ந்துள்ளன என்பதை அறிய விழைவோர்க்கு அக்குறிப்புகள் விலைமதிப்பற்ற சான்றாய் நிற்கின்றன.

நம் கல்லூரித் தோட்டத்திலும் வேம்பு பூக்கின்றது, கொன்றை பூக்கின்றது, மா பூக்கின்றது. அவை பூக்கும் நாளை ஆண்டுதோறும் எழுதி வைப்பார் நம்முள் எத்துணையர்? ஒரு மாணவர் இங்கே கழிக்கும் சில ஆண்டுகளில் அக்குறிப்பாற் பெரும்பயன் தோன்றாது என்பது மெய்யே. ஆயின் ஒரு வகுப்பார் விட்டதை அடுத்த வகுப்பார் எடுத்து, அங்ஙனமே ஐம்பது ஆண்டு தொடருமாயின், நம் நாட்டு இளவேனில் எத்திசை நோக்கி நகருகின்றது என்பதைப் பிறர் நூலில் தேட வேண்டுவதின்றி நம் ஏட்டிலேயே காணலாம். கற்றறிந்த மாணவரும், ஆசிரியரும், கல்லூரியை விட்டுச் சென்ற பழைய மாணவரும் இச்சிறு பணியை மேற்கொள்வாராக.